பக்கத்து இருக்கையின் பிரேக்

பிப்ரவரி 6

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குட்டிக்கு விழுந்த முன் பற்கள் முளைத்துவிட்டனவா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. முழுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலைக் கொடுத்துவிட்டேன். போர்டு, இரண்டு கார், பாதியில் நிற்கும் மாணவர்கள் எல்லாம் மொத்தமாகப் புது ஆள் கைக்குப் போய்விட்டது. ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். பழைய காரில் என் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக். கற்றுக்கொள்கிறவன் எதன்மேலாவது விடப் போனால் பக்கத்து இருக்கையிலிருந்தே நான் மிதிப்பேனே, அதுதான். ஊரே என்னை 'பிரேக் மாஸ்டர்' ஆக்கிய சாமானை அவனிடம் எதற்கு விட வேண்டும்?

யோசித்துப் பார்த்தால் இத்தனை காலமும் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து காலம் தள்ளியிருக்கிறேன். ஸ்டியரிங் பக்கம் உட்கார எனக்கென்று ஒரு சின்னக் கார் வாங்கப் போகிறேன். மே விடுமுறைக்கு நீங்கள் வரும்போது ஸ்டேஷனுக்கு அதில்தான் வந்து நிற்பேன்.

உனக்கு 'ஆஃப்' நினைவிருக்கிறதா? கிளட்ச்சை விடும்போதெல்லாம் எஞ்சினை அணைத்து அணைத்து அந்தப் பெயர் வாங்கியவன். இப்போது கார் ஷோரூமில் விற்பனையாளன். டை கட்டிக்கொண்டு என்னை "வாங்க சார்" என்றான். ஒரு முறை முறைத்ததும் "வாங்க மாஸ்டர்" ஆகிவிட்டது. அவன் காட்டிய வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் மூன்று வகை: பேஸ், மிட், டாப். எனக்கு டாப் மாடல்தான் வேண்டும். கூரையில் கண்ணாடி திறக்குமாம், குட்டிக்குப் பிடிக்கும். பேஸ் மாடலிலேயே அது உண்டு என்று விலைப்புத்தகத்தில் போட்டிருக்கிறது, இருந்தாலும் டாப் டாப்தான். உனக்கும் ஒரு புத்தகம் இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து அபிப்பிராயம் எழுது.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். குட்டிக்கு ஒரு பல் வந்துவிட்டது, இன்னொன்று பாதி வழியில் நிற்கிறது. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? மருந்துக் கடையில் மகள் இருந்தும் மாத்திரையை மறக்கும் ஒரே மனிதர் நீங்கள்தான்.

ஸ்கூலைக் கொடுத்ததை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். போகட்டும். கார் வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் பேஸ் மாடலில் கூரை திறக்கும் என்று எங்கே பார்த்தீர்கள்? நான் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். அந்த வரியில் பேஸுக்கும் மிட்டுக்கும் கோடுதான் போட்டிருக்கிறது. டிக் இருப்பது அதற்கு மேல் வரியில், ஹீட்டருக்கு. வரி தாவிப் படித்திருக்கிறீர்கள்!

டாப் மாடல் எதற்கு அப்பா? பின்பக்கக் கேமரா, அதற்குத் தட்டு அளவு திரை, பீப் பீப் என்று கத்தும் சென்சார். "ரிவர்ஸ் எடுக்கக் கேமராவா? அப்புறம் கழுத்தை எதுக்கு வச்சிருக்கே?" என்று பணக்கார மாணவர்களை நீங்கள் கிழித்ததை நான் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு நாளும் அந்தக் கழுத்துப் பாடம்தான் நடந்தது. ரவுண்டானா நடுவில் நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. இப்போது உங்களுக்கே கேமரா கேட்கிறதாக்கும். ஆஃப் நன்றாகத் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான். பேஸ் மாடல் வாங்குங்கள், மாஸ்டருக்கு அதுவே மிச்சம்.

எந்த மாடலானாலும் ஓட்டுகிற பக்கம் உட்காரப் பழகிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால்கூட முன்னால் வண்டி வந்ததும் உங்கள் கால் தரையை அழுத்தும். அம்மா இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவள் நான், உங்கள் எழுத்துதான் இந்தத் தடவை தகராறு. இவ்வளவு பெரிதாக எழுதினால் தபால்காரருக்கு முதுகு போய்விடும். ஓட்டிப் பார்த்தீர்களா? வண்டி எப்படி?

உங்கள் மகள்


மார்ச் 1

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அறிந்து சந்தோஷம். மாத்திரை போடுகிறேன்.

ஓட்டிப் பார்த்தேன். வண்டி நன்றாகப் போகிறது. டாப் மாடலையே புக் செய்துவிட்டேன்.

நீ கிண்டல் செய்வது இருக்கட்டும். காலம் மாறிவிட்டது. ரோட்டில் முன்பு மாதிரியா வண்டிகள்? டாப் மாடலில் பின்னால் ஏதாவது இருந்தால் அதுவே கத்தும். இருட்டினால் விளக்கு தானாக எரியும். பக்கத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் மஞ்சள் புள்ளி மினுக்கும். இதெல்லாம் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முன்பக்கத்துக்கும் சென்சார் உண்டா என்று ஆஃபிடம் கேட்டேன், அது இந்த அளவுக் காரில் வராதாம். அடுத்த பெரிய காரில் உண்டாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் புத்தகத்தில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. எந்த மாடலில் எது உண்டு என்று நீயே கொஞ்சம் பெரிதாக எழுதி அனுப்பு. சோம்பேறித்தனம் என்று சொல்வாய், சொல்லிக்கொள்.

இன்னொரு விஷயம். நம் ஸ்கூலில் கணக்கர் ஒருவர் இருந்தார், நீ கல்யாணமாகிப் போன பிறகு சேர்ந்தவர், நீ பார்த்ததில்லை. அவருக்கும் சர்க்கரை. கண்ணின் பின்பக்கம் பாதித்து, பார்வையில் அங்கங்கே திட்டுத் திட்டாக மறைக்கிறதாம். டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்றாராம். டாக்டர்கள் எல்லாவற்றையும் கூடாது என்றுதானே சொல்வார்கள். பகலில் மட்டும், தெரிந்த ரோட்டில் மட்டும், மெதுவாக ஓட்டினால் பரவாயில்லையா என்று கேட்கிறார். நல்ல வண்டியாக, எச்சரிக்கை செய்யும் வண்டியாக இருந்தால்? நீ மருந்துக் கடையில் பத்துப் பேரைப் பார்க்கிறவள், உனக்குத் தெரியும் என்று உன்னைக் கேட்கச் சொன்னார். அவசரமில்லை.

அன்புடன்
அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கால் வலி தேவலையா?

கொட்டை எழுத்தில் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். கேமராவும் பின் சென்சாரும் மிட் மாடலிலேயே வந்துவிடுகின்றன. டாப்பில் கூடுதலாகத் தானாக எரியும் விளக்கும், அந்த மஞ்சள் புள்ளியும், கூரைக் கண்ணாடியும்தான். மஞ்சள் புள்ளி உங்களுக்கு எதற்கு? நாலாப் பக்கமும் ஒரே நேரத்தில் பார்ப்பவர் என்றுதானே பெயர் வாங்கினீர்கள்? ஆனால் கூரை திறக்கும் என்று குட்டி காதில் விழுந்துவிட்டது. இனி நீங்கள் பேஸுக்கு மாறினால் அவள் உங்களோடு பேச மாட்டாள்.

உங்கள் கணக்கரைப் பற்றி. அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. பகலாவது, தெரிந்த ரோடாவது! திட்டுத் திட்டாக மறைக்கிறது என்றால் அந்தத் திட்டுக்குள் ஒரு குழந்தை நிற்காதா? இந்த மாதிரி ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு போவார்கள். கேட்டால், "நான் மெதுவாத்தாம்மா போறேன்." மெதுவாக இடித்தால் மட்டும் செத்தவர் பிழைத்து வந்துவிடுவாரா? அவருக்குப் பேரன் பேத்தி உண்டா? உண்டென்றால் அவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் போவாரா? டாக்டர் சொன்ன பிறகும் ஊரார் ஒருவர் சரியென்று சொல்ல மாட்டாரா என்று தேடி அலைகிற மனிதர் வெட்கம் கெட்டவர் அப்பா. அப்படியே சொல்லுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

மே பத்தாம் தேதி காலை வண்டியில் வருகிறோம். ஸ்டேஷன் வாசலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் வந்ததா இல்லையா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் செய்தால் "நல்லா இருக்கேன், எழுதறேன்" என்று சொல்லி இரண்டாவது வாக்கியத்திலேயே வைத்துவிடுகிறீர்கள். நம் கணக்குக்கு ஒரு வாக்கியம் குறைகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பேஸ் மாடல் வாங்குங்கள் என்று கேலி செய்ததில் கோபமா? நீங்கள் டாப் மாடலே வாங்குங்கள் அப்பா. அதற்கு மேல் ஒன்று இருந்தால் அதையும் வாங்குங்கள். இத்தனை நாள் பழைய வண்டியில் அடுத்தவர் பிள்ளைகளோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றியவர், ஆசைப்பட்டதை வாங்குவதற்கு என்னிடம் அபிப்பிராயம் கேட்டதே பெரிய விஷயம். நான்தான் வாய்த்துடுக்கு.

குட்டி தினமும் ஒரு கார் படம் வரைகிறாள். எல்லாக் காரிலும் கூரையிலிருந்து அவள் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிற இடத்தில் உங்கள் மீசை. ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். வண்டி எப்போது கைக்கு வருகிறது?

உங்கள் மகள்


ஏப்ரல் 22

அன்புள்ள மகளுக்கு,

நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். புக் செய்ததை ரத்து செய்துவிட்டேன். தனி ஆளுக்குக் கார் எதற்கு? நிறுத்த இடமில்லை, கழுவ ஆளில்லை. ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி பிடித்து வந்துவிடுங்கள். வாசல் வரை வரும், தொந்தரவில்லை. குட்டியிடம் பக்குவமாகச் சொல். படம் நன்றாக இருந்தது. மீசை கொஞ்சம் பெரிது.

கணக்கரிடம் நீ எழுதியதைச் சொன்னேன். அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா


ஏப்ரல் 29

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் ஆஃப் எழுதுகிறேன் அக்கா. அந்தப் பெயரைச் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். கார் ஷோரூமில் வேலை. உங்கள் விலாசத்தை ஸ்கூலில் இருந்த கணக்கர் அண்ணனிடம் வாங்கினேன்.

மாஸ்டர் காரை ரத்து செய்துவிட்டார். விற்பனை போனதற்காக நான் எழுதவில்லை அக்கா, சத்தியமாக. மாஸ்டர் இப்போதெல்லாம் சாலையோரம் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். நான் கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்க்கிறார், ஆனால் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்க்கிறார். மனசு கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்த அன்று ஒரு சின்ன சம்பவம் நடந்தது. அது மாஸ்டர் தப்பு இல்லை. எங்கள் ஷோரூம் வாசலில் ஒரு தூண் இருக்கிறது, அது கொஞ்சம் வெளியே தள்ளித்தான் இருக்கிறது. கட்டியவனைத்தான் சொல்ல வேண்டும். வண்டி அதில் முட்டிவிட்டது. கதவு ஒன்று போனது, யாருக்கும் அடி இல்லை. கிளட்ச் கோளாறு என்று நான் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மாஸ்டர் நேராக உள்ளே வந்து டாப் மாடலுக்குக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை நான்தான் விரலால் காட்டினேன்.

கண்ணைக் காட்டலாம் மாஸ்டர் என்று இரண்டு தரம் சொன்னேன். "எனக்கில்லடா, கணக்கருக்குத்தான் கண்ணு சரியில்ல" என்கிறார். கணக்கர் அண்ணனைக் கேட்டால் அவர் முழிக்கிறார். அவர் வண்டியே ஓட்டுவதில்லை அக்கா. இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூலில் இருந்துகொண்டு பஸ்ஸில் வந்து போனவர்.

நான் எழுதியதை மாஸ்டரிடம் சொல்லாதீர்கள். என் தோலை உரித்துவிடுவார்.

இப்படிக்கு
ஆஃப்


மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். நான் மட்டும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள்.

உங்கள் கணக்கரிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் அவரைப் பற்றி எழுதியது மகா கேவலம். கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று எனக்கு வாய் நீண்டுவிட்டது. கேட்பதற்கே அவர் எவ்வளவு கூசியிருப்பார், அதை நான் யோசிக்கவில்லை. அவர் எழுத்து பெரிதாவதையும் வரி தாவுவதையும் பார்த்துக்கூட எனக்கு உறைக்கவில்லை. அவருடைய மகள் மருந்துக் கடையில் இருந்து என்ன புண்ணியம்? எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அப்பா.

எங்கள் கடைக்கு எதிரிலேயே கண் மருத்துவமனை இருக்கிறது. பெரிய டாக்டரிடம் கேட்டேன். மறைந்த இடம் திரும்பி வராதாம், ஆனால் கண்ணுக்குள் ஊசி போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாமாம். ஊசி என்றதும் பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். ஜூன் முதல் வாரம் அவருக்கு நேரம் வாங்கிவிட்டேன். எங்கள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். நாங்கள் அங்கே வருவதற்குப் பதிலாக நீங்கள் அவரை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அவர் வராவிட்டால் நான் வந்து அழைத்துக்கொண்டு போவேன். நடு ரோட்டில் கத்துவதில் நான் யார் பெண் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் மகள்


மே 17

அன்புள்ள மகளுக்கு,

நீ ஒழுங்காகச் சாப்பிடு. முதல் விஷயம் அதுதான்.

கணக்கருக்கு நேரம் வாங்கியிருக்கிறாய். அவரை இழுத்துக்கொண்டு வந்தால் மனிதர் பாவம், திருதிருவென்று விழிப்பார். அவருக்குக் கண் கழுகுக் கண். ஆஃப்தான் உனக்கு எழுதியிருப்பான், எனக்குத் தெரியாதா? நான் நேரில் பார்த்தபோது இரண்டடி தள்ளி நின்று பேசினான். விடு, அவனை ஒன்றும் சொல்லவில்லை.

தூண் வெளியே தள்ளி இருக்கிறது என்று எழுதியிருப்பானே? பொய். தூண் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. எனக்குத்தான் அந்த இடத்தில் தூணே இல்லை. சுவர் தெரிந்தது, ரோடு தெரிந்தது, நடுவில் கலங்கலாக ஏதோ. சத்தம் கேட்டுத்தான் இடித்ததே தெரிந்தது. ஆஃப் பக்கத்து இருக்கையில் இருந்தான். அதற்கு முன்பே அவன் கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லையே. எத்தனையோ பேரிடமிருந்து நான் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறேன், என்னிடமிருந்து காப்பாற்ற அவனுக்கு ஒன்றும் இல்லை.

ஷோரூமில் இருந்தவர்களில் மூன்று பேர் என்னிடம் கற்றவர்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சிரித்துத் தொலைத்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இடித்த பிறகும் நான் சாவியைக் கீழே வைக்கவில்லை. உள்ளே போய் டாப் மாடலுக்குக் கையெழுத்துப் போட்டேன். வண்டி கத்தும், புள்ளி மினுக்கும், என் கண்ணுக்குப் பதிலாக அது பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். அதில் குட்டியை உட்கார வைத்து ஸ்டேஷனிலிருந்து ஓட்டி வருவதாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னிடம் ஏன் கேட்டேன் தெரியுமா? பகலில் மெதுவாக என்றால் பரவாயில்லை என்று நீ எழுதிவிடுவாய் என்றுதான். எழுதியிருந்தால் நீ சொன்னாய் என்று சொல்லியே ஓட்டியிருப்பேன். வெட்கம் கெட்டவர் என்று எழுதினாயே, அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நீ அதற்கு மன்னிப்புக் கேட்காதே. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பிரேக் போட்டேன்.

ஜூனில் வருகிறேன். குட்டியிடம் தாத்தாவுக்குக் கண் சரியில்லை என்று மட்டும் சொல். தூணைச் சொல்லாதே.

அப்பா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக இருக்கிறீர்களா? மூன்றாவது ஊசிக்குப் பிறகு கண் உறுத்தல் குறைந்ததா? இருப்பது அப்படியே நிற்கிறது, மோசமாகவில்லை என்று டாக்டர் என்னிடமும் சொன்னார். அதுவே பெரிது. மாப்பிள்ளை கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நீங்கள் இங்கே இருந்த நாட்களில் நாம் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் கார் ஹாரன் அடித்தால்கூட இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். ஆனால் தினமும் காலையில் கடைக்குச் சரக்கு வருகிறது என்று நான் சீக்கிரம் கிளம்பிப் போனேனே, அது சரக்கு இல்லை. டிரைவிங் ஸ்கூல்.

வகுப்பில் எல்லோரும் எனக்குப் பாதி வயது. கற்றுக்கொடுக்கும் பெண்ணும் அப்படித்தான். முதல் நாளே நடைபாதை மேல் ஏற்றிவிட்டேன். அவள் பிரேக்கை மிதித்துவிட்டு, "உங்க வீட்ல யாரும் வண்டி ஓட்ட மாட்டாங்களா?" என்றாள். "யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன் அப்பா. பிரேக் மாஸ்டர் பெண்ணா இப்படி ஓட்டுகிறாள் என்று ஆகிவிடக் கூடாதே என்று வாயில் வந்துவிட்டது. இந்த ஊரில் உங்களை யாருக்கும் தெரியாது என்பதுகூட அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் நீங்கள் கையால் தடவித் தடவிக் காப்பி டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அன்று முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் போனதும், "எங்க அப்பாதான் ஊருக்கே கத்துக்குடுத்தவர்" என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் ஓட்டுவதைப் பார்த்தால் நானே நம்ப மாட்டேன்.

முதல் தேர்வில் ரிவர்ஸில் கோட்டைவிட்டேன். போன வாரம் இரண்டாவது தடவையில் பாஸ். லைசென்ஸ் வந்துவிட்டது.

ஆஃபிடம் அந்தக் காரை மறுபடி புக் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வாசலில் நிற்கட்டும். ஊசிக்கு வர வேண்டிய நாளில் ஆஃப் ஓட்டட்டும், அவன் இப்போது நன்றாக ஓட்டுகிறான் என்று நீங்களே சொன்னீர்கள். விடுமுறைக்கு வந்தால் நான் ஓட்டுகிறேன். எந்த மாடல் என்பது உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று, பின்பக்கக் கேமரா இருக்க வேண்டும். உங்களுக்கு இல்லை, எனக்கு. கழுத்து திரும்புகிறது, மூளைதான் கூடவே திரும்ப மாட்டேன் என்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 8

அன்புள்ள மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் கணக்கர். அவர் முதலில் தன் சார்பில் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார், எழுதிக்கொள்ளட்டும்.

அம்மா, வணக்கம். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. சர்க்கரையும் இல்லை. நான் வெட்கம் கெட்டவனும் இல்லை. இப்படிக்கு, கணக்கர்.

ஆயிற்றா? இப்போது என் கடிதம். நான் சுகம். கண்ணில் உறுத்தல் இல்லை. திட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, நானும் அவற்றோடு சண்டையை விட்டுவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. உன் லைசென்ஸ் சேதியைக் கணக்கர் வாசித்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னேன். நடைபாதை மேல் ஏற்றிய இடத்தை மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னதற்கு வருத்தப்படாதே. நான் மட்டும் என்ன, என் கண்ணையே எனக்கில்லை என்று சொன்னவன்.

ஆஃபைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அந்த வாசலைத் தாண்டுவதற்குள் உடம்பெல்லாம் கூசியது. திரும்பிவிடலாம் என்று நின்றேன். ஆஃப் தூணுக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் அடிக்க வைத்திருக்கிறான். "இப்ப தெரியுதா மாஸ்டர்?" என்றான். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு உள்ளே போவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மிட் மாடல் சொல்லிவிட்டேன். ஓட்டுகிறவள் கேட்ட கேமரா அதிலேயே இருக்கிறது. மஞ்சள் புள்ளி வேண்டாம், நீ கண்ணாடியைப் பார்த்து ஓட்டு. கூரை திறக்காது என்று குட்டியிடம் நானே பேசிக்கொள்கிறேன். நாலு ஜன்னல் இருக்கிறது, எதில் வேண்டுமானாலும் காற்று வாங்கலாம், தலையை மட்டும் நீட்டக் கூடாது.

நீங்கள் விடுமுறைக்கு வரும் அன்று ஆஃப் வண்டியை ஸ்டேஷன் வரை ஓட்டி வருவான். அங்கே சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு அவன் பஸ்ஸில் போய்விடுவான். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நீதான். நடுவில் அந்த ரவுண்டானா வரும். நான் கத்த மாட்டேன் என்று கணக்கரைச் சாட்சி வைத்து எழுதச் சொல்கிறேன். அவர் நம்பாமல் சிரிக்கிறார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் கழற்றி வைத்திருந்த இரண்டாவது பிரேக்கை ஆஃப் தேடி எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, "புது வண்டியில உங்க பக்கம் மாட்டிடட்டுமா மாஸ்டர்? அக்கா புதுசா ஓட்டறாங்க" என்றான். கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பழக்கதோஷத்தில் என் கால் தரையை அழுத்தும், அதைக் கண்டுகொள்ளாதே. அங்கே ஒன்றும் இருக்காது. நீ ஓட்டு.

அப்பா